தொண்டிப் பக்கம் மே மாதக் கிழங்கான்: இரை போகுது, மீன் ஏறல

கரைத்தூண்டில்:
தொண்டிக்கு வடக்கே முழங்கால் ஆழ மணல் திட்டு, இடையிடையே கடற்புல். 9 அடி ராடு, 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), 1/0 முள், 40 கிராம் ஈயம், முழு இறால். காலை 9 மணிக்கு மேல போடுறேன். கடிக்குது, இழுத்தா வெறும் முள். சில நேரம் முள்ளே இல்ல. எதை மாத்தணும்?

ஓடைமீன்:
முள், இரை, ஈயம் மூணுமே பெருசு. கிழங்கானுக்கு வாய் சின்னது; மணலைக் கிளறிப் புழுவையும் குஞ்சு இறாலையும் பொறுக்கித் தின்னும். 8ஆம் நம்பர் நீளத்தண்டு முள் போடுங்க, 1/0-ஐ விட அது ரொம்பச் சின்னது. பிரெய்டுல 15 கிராம் ஓடுற ஈயம், அடுத்து ஸ்விவல் (சுழலுற இணைப்பு வளையம்), அதுலருந்து 60 செ.மீ. நீளத்துக்கு 0.25 மி.மீ. நைலான் நரம்பு. இறாலைத் தோலுரிச்சு விரல் நக அளவு துண்டாக்கி, முள்முனை வெளிய தெரியுற மாதிரி கோக்கணும். மீன்பிடித் தடைக்காலத்துல (ஏப்ரல் 15 – ஜூன் 14) விசைப்படகு இறால் கிடைக்காது. நாட்டுப்படகு கரையேறுற இடத்துல புதுசா வாங்குங்க. பழைய ஐஸ் இறால் கொழகொழன்னு வீச்சுலயே கழண்டுடும்.

ஈயம் தரை தொட்டதும் ஒரு முழம் இழுத்து நிறுத்துங்க, மறுபடி இழுங்க. நகர்ற இரையைத்தான் இது துரத்தும். முதல் தட்டுக்கே வெட்டி இழுத்தா வாயிலருந்து பிடுங்கிடுவீங்க. நரம்பு கனக்குற வரை பொறுத்து ராடைத் தூக்கினா போதும்.

நரம்பு கத்திரிச்ச மாதிரி அறுந்திருந்தா அது பேத்தை (உடம்பை உப்பிக்கிற விஷ மீன்). 50 மீட்டர் தள்ளிப் போயிடுங்க. மாட்டினாலும் சமையலுக்கு எடுக்காதீங்க, எவ்வளவு வேகவெச்சாலும் அந்த விஷம் போகாது. நரம்பு சொரசொரன்னு நைஞ்சிருந்தா நண்டு. இரையைக் கிடக்க விடாம நகர்த்திட்டே இருங்க.

வத்தக்கரை:
ஓடைமீன் சொன்னதோட நேரத்தையும் மாத்துங்க. மே வெயில்ல முழங்கால் தண்ணி 9 மணிக்கே கொதிக்க ஆரம்பிச்சிடும், மீன் பக்கத்துல இருக்கிற ஆழமான ஓடைக்கு இறங்கிடும். ஏத்தம் (கடல் தண்ணி ஏறுறது) தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். விடியும்போது நிறைஞ்சு நிக்கிற நாளாப் பாத்து, வத்தம் (தண்ணி இறங்குறது) தொடங்கின முதல் 2 மணி நேரம் திட்டுத் தண்ணி ஓடையில வடியுற வாய்க்கு நேரா வீசுங்க. பாக் நீரிணையில ஏத்தவத்தம் கொஞ்சம்தான், அதனால அட்டவணையை மட்டும் நம்பாதீங்க: கரையிலருந்து கடல் பக்கம் காத்து பலமா அடிச்சா தண்ணி இன்னும் இறங்கும்.

முந்தின நாள் முழு வத்தத்துல திட்டை நடந்து பாருங்க. புழு தள்ளின மண் சுருளும், மீன் கிளறின சின்னக் குழியும் எங்க நெருக்கமா இருக்கோ அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அதுதான் மீனோட மேய்ச்சல்.

கரைத்தூண்டில்:
நன்றிண்ணே. இறங்கி நின்னா திருக்கை பயம் உண்டா?

வத்தக்கரை:
நிச்சயம் உண்டு தம்பி. மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க, அதிர்வு கேட்டு விலகிடும். செருப்பை நம்பாதீங்க, திருக்கையோட வால் முள் துளைச்சிடும். குத்திட்டா உடனே கரையேறி, பொறுக்கிற சூட்டுல (சுமார் 45 டிகிரி) வெந்நீர்ல ஒரு மணி நேரம் காலை வெச்சிருக்கணும், வலி இறங்கும். ஓரா மீனோட விஷ முள்ளுக்கும் இதே வைத்தியம்தான். இறுக்கிக் கட்டுப் போடாதீங்க. வயித்துலயோ நெஞ்சுலயோ குத்தினா, இல்ல முள் ஒடிஞ்சு உள்ள நின்னா, பிடுங்காம நேரா ஆஸ்பத்திரி.