அண்ணாவின் ஏ.ஆர்-15க்கு .22 எது எடுப்பது?

வெள்ளவத்தைப் பொடியன்:
டெக்சாஸில் இருக்கிற என் அண்ணாவிடம் ஒரு ஏ.ஆர்-15 துவக்கு இருக்கிறது. அதற்குரிய 5.56 ரவை விற்கிற விலைக்கு வாராவாரம் சுட்டுப் பழகக் கட்டுப்படியாகவில்லையாம், .22 எல்.ஆர் என்கிற சின்ன, மலிவான ரவைக்குப் போகப் பார்க்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் எயார் ரைபிள் சுட்டவன் என்பதால் "நீயே பார்த்துச் சொல்லடா" என்று என் தலையில் கட்டிவிட்டார். போல்ட்டை (ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உள்பாகம்) மட்டும் மாற்றும் கிட், அப்பரை (குழலோடு சேர்ந்த மேல்பாதி) முழுதாக மாற்றுவது, தனி .22 துவக்கு, இந்த மூன்றில் எது உருப்படி? டிசம்பரில் நானும் போகிறேன், என்னையும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போவாராம்.

கொட்டாஞ்சேனை:
கிட்தான் மலிவு. போல்ட்டைக் கழற்றி அதைப் போட்டால் வேலை முடிந்தது.

டல்லாஸ்வாசி:
முடியாது தம்பி, அங்கேதான் தொடங்குகிறது. சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளத்தின் முறுக்கு, 5.56 குழலில் பெரும்பாலும் 7 முதல் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .22 எல்.ஆருக்கு வழக்கமானது 16 அங்குலத்துக்கு ஒன்று. கிட் போட்டால் சன்னம், கிட்டோடு வரும் வெடியறை அடாப்டரை (சின்ன ரவை உட்காரும் பகுதி) தாண்டித்தான் அந்தக் குழலின் வரிப்பள்ளத்தையே பிடிக்கிறது, அதனால் குறி சிதறும், பிழை கையிலா துவக்கிலா என்று பழகுகிறவனுக்குத் தெரியாது. ஈய அழுக்கு, குழலில் வெடிவாயு போகிற காஸ் துளையிலும் போய் அடைக்கும், எனவே கிட் என்றால் செம்பு பூசிய வேகமான ரவைதான், சி.சி.ஐ மினி-மேக் மாதிரி. நான் சொல்வது .22 அப்பர். இரண்டு பின்னைத் தள்ளினால் மாற்றிவிடலாம், 16 முறுக்குக் குழல், அவருடைய அதே விசை, அதே சேஃப்டி, அதே தோள்கட்டை. குறிபார்க்கும் சைட்டை மட்டும் அதற்கென்று தனியாக வாங்கிப் பூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றலுக்கும் சீரோ பார்த்தே, அதாவது சைட்டைக் குறிக்குச் சரிசெய்தே, ரவை தீரும். சட்டப்படி ஏ.ஆரில் துவக்காகக் கணக்கெடுப்பது லோவரை (விசை இருக்கிற கீழ்ப்பாதி), ஆகவே அப்பர் தபாலில் வீட்டுக்கே வரும். தனி .22 துவக்கு என்றால் ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி 15-22 நல்ல சாமான்தான், ஆனால் உடம்பு பொலிமர், பாரம் குறைவு, அண்ணாவின் துவக்கைத் தூக்கிய உணர்வு வராது. வீட்டில் பிள்ளைகளும் பழகுவதென்றால் மட்டும் அதை எடுக்கட்டும். எதை எடுத்தாலும் உதைப்பைத் தாங்கப் பழக .22 உதவாது, மாதத்தில் ஒரு மகசினாவது 5.56 சுடத்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனை:
சரி, அடைப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் விலையில் கிட்தான்.

புதுக்கடை அப்புக்காத்து:
எல்லாரும் குழலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, நீங்கள் சுற்றுலா விசாவில்தானே போகிறீர்கள்? அமெரிக்க மத்திய சட்டப்படி அப்படி வந்தவர் துவக்கையோ ரவையையோ கையில் வைத்திருப்பதே குற்றம், அண்ணாவுடையதானாலும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்ததானாலும் ஒன்றுதான். விதிவிலக்குகளில் உங்களுக்குச் சரிவரக்கூடியது, ஏதாவதொரு அமெரிக்க மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம். அதை அண்ணாவிடம் விசாரித்து, எடுத்த பிறகு ரேஞ்சுக்குப் போங்கள். அப்புறம், ஞாபகத்துக்கு என்று சுட்ட ரவையின் வெற்றுக் கோது ஒன்றைக்கூடப் பையில் போட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்துவிடாதீர்கள்.