மாணவர் போட்டி: கடைசி நாள் மாலையில் கூகுள் படிவம் தானாக நின்றுவிட்டது, என்ன செய்வது?

கோட்டைவாசி (வேலூர்):

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் சின்னதாக ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி நினைவாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை, ஓவியப் போட்டி வைப்பது வழக்கம். இதுவரை தாளாகக் கையில்தான் வாங்கினோம். பேரணாம்பட்டு, ஆம்பூர், கலவைப் பிள்ளைகள் இதற்காக பஸ் ஏறி வர வேண்டாமே என்று இந்த முறை கூகுள் படிவத்துக்கு மாறினோம்.

நேற்று, ஜூன் 25, இரவு 12 மணி வரை கெடு. ஆனால் மாலை ஏழரைக்கே படிவம் பதில்களை ஏற்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை. அதுவரை 263 பதிவுகள் வந்திருந்தன. இரவு பத்து மணி வரை பெற்றோர் போன் செய்துகொண்டே இருந்தார்கள். ஒரு அம்மா, "பொண்ணு அழுதுகிட்டே படுத்துட்டா சார்" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னும் சில சிக்கல்களும் உண்டு. ஒரே மின்னஞ்சலிலிருந்து 19 பதிவுகள் வந்திருக்கின்றன. யாரோ ஏமாற்றுகிறார்கள், எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்கிறார் எங்கள் செயலாளர். சில கட்டுரைகளைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டத்துக்கு ஒரு முதல் பரிசு அறிவித்திருக்கிறோம். மாவட்டம் கேட்ட இடத்தில் ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஜூலை 10 அன்று முடிவு சொல்ல வேண்டும். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பாலாறு (காட்பாடி):

சார், முதலில் ஒன்று. எதையும் நீக்காதீர்கள், செயலாளரிடமும் சொல்லி வையுங்கள். பதில்கள் விழும் விரிதாளை (ஸ்ப்ரெட்ஷீட்) இப்போதே ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

படிவம் நின்றதற்குக் காரணம் இடம் நிரம்பியதாகத்தான் இருக்கும். கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தால், அந்தப் படிவம் மொத்தமாக 1 ஜிபி வரைதான் வாங்கும் என்று கூகுள் தானாகவே வைத்திருக்கிறது. அதைத் தொட்டதும் பதில் வாங்குவது நின்றுவிடும். இப்போதைய போனில் எடுத்த படம் சுமார் 4 எம்பி என்று வைத்தால், 263 பேருக்கு 1052 எம்பி. உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

படிவத்தைத் திருத்தும் பக்கத்தில் அந்தக் கேள்விக்குக் கீழேயே 1 ஜிபி என்று எழுதி, பக்கத்தில் மாற்று என்று இருக்கும். அதை அழுத்தி 10 ஜிபி ஆக்குங்கள். அதற்கு முன் உங்கள் டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துவிடுங்கள். இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. அது நிறைந்தால் உங்களுக்கு மெயில்கூட வராது.

கோட்டைவாசி:

அதேதான் அண்ணா! 1 ஜிபி என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். டிரைவில் 9 ஜிபி காலி இருக்கிறது. இப்போது படிவம் திறக்கிறது. ஆனால் கெடு முடிந்துவிட்டதே, நேற்று போன் செய்தவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பவா?

வாத்தியாரம்மா (குடியாத்தம்):

வேண்டாம் சார். போன் செய்யத் தெரிந்தவர்கள் போன் செய்தார்கள். பேசாமல் விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனையோ. தவறு படிவத்துடையது, பிள்ளைகளுடையது இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இரண்டு நாள் நீட்டியுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் விரும்பினால் திரும்ப அனுப்பலாம், கடைசியாக வந்ததே கணக்கு என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கும் நியாயம். முயன்று முடியாமல் போனவர்களின் மின்னஞ்சல் உங்களிடம் இருக்காது. அதனால் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். எங்கள் குழுவில் நான் போட்டுவிடுகிறேன்.

அந்த 19 பதிவு விஷயம் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோப்பு பதிவேற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அங்கே உள்ள கணினியில் ஏற்றுவார்கள். கடைக்காரர் தன் கணக்கைத்தான் திறந்து வைத்திருப்பார். 19 பதிவிலும் பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் வேறு வேறா என்று பாருங்கள். வேறு என்றால் பள்ளிக்கு ஒரு போன் போதும்.

கோட்டைவாசி:

பார்த்தேன் மேடம். 19 பெயர்கள், மூன்று பள்ளிகள், எல்லாம் பேரணாம்பட்டு. ஒரு பள்ளியில் விசாரித்தேன், நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஒரு கணக்குக்கு ஒரு பதில் மட்டும் என்று வைக்கலாமா என்று போன மாதம் யோசித்தோம். வைத்திருந்தால் முதல் பிள்ளையோடு மற்ற 18 பேரும் வெளியே நின்றிருப்பார்கள். நினைத்தாலே பதறுகிறது.

பாலாறு:

அந்தப் பெயர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது சார். பதிவேற்றிய கோப்பின் பெயருக்குப் பின்னால், ஏற்றியவரின் கணக்குப் பெயரைக் கூகுள் ஒட்டிவிடும். அந்தக் கோப்புறையை அப்படியே நடுவர்களிடம் கொடுத்தால் யாருடைய ஓவியம் என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் போட்டி என்றாலும் இது கூடாது.

நகல் விரிதாளில் வரிசை எண்ணுக்கு ஒரு பத்தி (காலம்) சேருங்கள். சூத்திரமாக வைக்காமல் வெறும் எண்ணாகப் போடுங்கள், இல்லையென்றால் அடுக்கை மாற்றும்போது எண்ணும் மாறிவிடும். பிறகு ஒவ்வொரு கோப்பையும் நகலெடுத்து, ஓவியம் 017 என்பதுபோல் எண்ணை மட்டும் பெயராக வைத்துத் தனிக் கோப்புறையில் போடுங்கள். கூகுளின் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பத்து வரியில் முடியும், நான் எழுதித் தருகிறேன். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் அனுமதி, அதனால் நூறு நூறாக ஓட்டுங்கள். நடுவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். மதிப்பெண்ணுக்கு ஆளுக்கு ஒரு தனித் தாள் கொடுங்கள். ஒரே தாளில் போட்டால் முதலில் போட்டவரின் எண்ணைப் பார்த்துத்தான் அடுத்தவர் போடுவார்.

ஓவியத்தின் முன்பக்கத்திலேயே பெயர் எழுதியவர்கள் இருந்தால் அந்த மூலையை வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

தட்டச்சர் (ஆற்காடு):

ஆங்கில எழுத்தாகத் தெரியும் கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. கடைகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் தெரியும். கணினியில் பாமினியை நிறுவித் திறந்தால் கட்டுரை முழுதாக வரும், அதை பிடிஎஃப் ஆக்கி நடுவர்களுக்குக் கொடுங்கள். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல், கடைகளுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை பிடிஎஃப் அல்லது கையெழுத்துப் படியின் படம் என்று கேட்டுவிடுங்கள்.

மாவட்டத்தில் என்னதான் எழுதியிருக்கிறார்கள்?

கோட்டைவாசி:

ஆம்பூர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வேலூர் என்று போட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் வட ஆற்காடு! தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பார்.

தட்டச்சர்:

1989-இல் பிரித்த மாவட்டம், இன்னும் வாயில் இருக்கிறது. வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தது 2019-இல்தானே, அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751 என்று திருப்பத்தூர்ப் பக்கம் 635-இல் தொடங்கும்; ஆனால் குடியாத்தம் 632602, ஆற்காடு 632503, முதல் மூன்று இலக்கம் ஒன்று, மாவட்டம் வேறு. பள்ளி எந்த ஊரில் என்பதைப் பார்த்து நீங்களே நிரப்புவதுதான் சரி. இனி வரும் பதிவுகளுக்கு மாவட்டத்தை எழுத விடாமல், தாலுகாவைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாலுகா பிள்ளைகளுக்குத் தெரியும்.

கோட்டைவாசி:

ஜூன் 28 இரவு எழுதுகிறேன். நீட்டித்த இரண்டு நாளில் 94 பதிவுகள் புதிதாக வந்தன. இவ்வளவு பேர் வெளியே நின்றிருக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. மொத்தம் 357. பாலாறு அண்ணாவின் ஸ்கிரிப்ட் நான்கு ஓட்டத்தில் எல்லாவற்றையும் எண்ணிட்டுவிட்டது. செயலாளரும் நானும் இன்று முழுக்க உட்கார்ந்து மாவட்டப் பத்தியைச் சரிசெய்தோம். 11 பேருக்கு மட்டும் பள்ளி ஊர் தெரியவில்லை, நாளை போன் செய்கிறோம்.

அன்று அழுதுகொண்டே படுத்த பெண்ணின் ஓவியமும் வந்துவிட்டது. கோட்டை அகழியை வரைந்திருக்கிறாள். முன்பக்கத்தில் பெரிதாகப் பெயர் எழுதியிருந்ததால் அந்த மூலையை வெட்டித்தான் நடுவர்களுக்கு அனுப்பினேன்.