லிவர்பூல் 1963: பீட்டில்ஸைத் தள்ளிவைத்தால் யாரைக் கேட்கலாம்?

செவிச்செல்வம்
மெர்ஸிபீட், அதாவது அறுபதுகளின் லிவர்பூல் ராக் இசை, என்றால் பீட்டில்ஸ், ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ், சர்ச்சர்ஸ். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த வரிசைக்காரர்களைக் கேட்க ஆசை. லிவர்பூல் குழுவான பிக் த்ரீயைத் தேடினால் அமெரிக்க ஃபோக் பாட்டுதான் வருகிறது. எங்கே தொடங்கலாம்? பழைய ரெக்கார்டே வாங்க வேண்டுமா?

ஊசிமுனை
அது அமெரிக்கப் பாடகி கேஸ் எலியட் இருந்த வேறொரு பிக் த்ரீ. அதே காலம், அதே பெயர். லிவர்பூல் குழுவுக்கு ஜானி ஹட்சின்சன் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறவர் அவர்தான். பேஸ் ஜானி கஸ்டஃப்சன். கிதார் முதலில் ஏட்ரியன் பார்பர், பிறகு பிரையன் கிரிஃபித்ஸ். மூன்றே பேர், அரங்கம் அதிர வேண்டும். அதற்காகப் பார்பர் தன் கையாலேயே ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தார். ஊரில் அவற்றுக்குச் 'சவப்பெட்டி' என்றே பெயர்!

1963இல் டெக்கா கம்பெனியில் வந்த முதல் சிங்கிளை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய ரெக்கார்ட்) வைத்து அவர்களை எடைபோடாதீர்கள். ஆடிஷனுக்குப் பதிந்ததை அப்படியே ரெக்கார்டாக்கிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த 'அட் தி கேவர்ன்' இ.பி.யை (சிங்கிளைவிடச் சில பாட்டு கூடுதலாக உள்ள ரெக்கார்ட்) முதலில் கேளுங்கள். நான்கே பாட்டு, லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலேயே பதிந்தது.

பழந்தட்டு
அடுத்து, ஓரியோல் கம்பெனியின் 'திஸ் இஸ் மெர்ஸி பீட்' தொகுப்பு, இரண்டு பாகம், 1963. தயாரிப்பாளர் ஜான் ஷ்ரோடர் பதிவுக் கருவிகளோடு லிவர்பூலுக்கே போய், ரியால்ட்டோ நடன அரங்கில் பதிந்தவை. பெரிய கம்பெனிகள் விட்டுவைத்தவர்கள் இதில் கிடைப்பார்கள். ஃபேரன்ஸ் ஃபிளமிங்கோஸ் 'டூ யூ லவ் மீ' பாடியிருந்தும் ஓரியோல் அதைச் சிங்கிளின் பி பக்கத்தில், அதாவது பின்பக்கத்தில், போட்டது. அதே பாட்டைப் பிரையன் பூல் பாடி முதலிடம் பிடித்தார். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ முன்பு வாசித்த ரோரி ஸ்டார்ம் குழுவுக்கு மொத்தமே இரண்டு சிங்கிள்தான்.

எல்பே
லிவர்பூல் குழுக்கள் போய் வாசித்த ஜெர்மனியின் ஹாம்பர்க்கை மறக்க வேண்டாம். நான்கு பெண்கள் வாசித்த லிவர்பேர்ட்ஸை அங்கிருந்த ஸ்டார் கிளப்பின் லேபிளில் தேடுங்கள். பிரிட்டன் பட்டியல்களில் அகப்பட மாட்டார்கள். லிவர்பூல் பாடகர் கிங்சைஸ் டெய்லருக்கு இன்னொரு சிக்கல்: ஒப்பந்தத் தடை காரணமாக, பாலிடோர் கம்பெனியில் 'தி ஷேக்கர்ஸ்' என்ற பெயரில் பதிந்தார். அந்தப் பெயரிலும் தேடினால்தான் முழுசாகக் கிடைக்கும்.

ஊசிமுனை
பழைய ரெக்கார்டா, மறுவெளியீடா என்றால்: கேட்க மட்டும் என்றால் மறுவெளியீடு போதும், ஆனால் மோனோ (இரு காதுக்கும் ஒரே ஒலி) என்று அச்சிட்டிருக்க வேண்டும். மோனோவிலிருந்து செயற்கையாகச் செய்த ஸ்டீரியோ வேண்டவே வேண்டாம். பேஸ் ஒரு காதில், சிம்பல் மறு காதில் நிற்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்தினாலும் பழைய ஒலி முழுதாகத் திரும்பாது.

பழைய 45 (நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ரெக்கார்ட்) வாங்கினால் முதலில் கழுவுங்கள். மோனோ ரெக்கார்டில் ஊசி ஓடும் பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் வருவது வெறும் இரைச்சல். அதனால் ஆம்பில் மோனோ போட்டதுமே கரகரப்பில் பெரும்பங்கு அடங்கும். அப்படியும் கரகரத்தால் பழைய கனத்த பிக்கப் (ஊசி பொருத்திய தலை) பள்ளத்தைத் தேய்த்திருக்கிறது என்று பொருள். முனையின் ஆரம் 18 மைக்ரான் உள்ள ஊசிக்குப் பதில் 25 மைக்ரான் போட்டுப் பாருங்கள். அது பள்ளத்தில் சற்று மேலே உட்காரும், தேயாத சுவர் அகப்படலாம்.

செவிச்செல்வம்
கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே மோனோவாக எடுத்துவிடலாமா?

ஊசிமுனை
கூடாது. ஸ்டீரியோவாகவே ஏற்றி, இரண்டு சேனலையும் தனித்தனியே கேளுங்கள்; பள்ளத்தின் ஒவ்வொரு சுவரும் ஒரு சேனல். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கலந்த பிறகு பிரிக்க முடியாது.