மெஸ்காலா, டெக்கீலாவா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

ராஜா மாமா: கண்ணா, நீ ஸ்டேட்டஸில் போட்ட பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஸ்கால் என்று எழுதியிருக்கிறது. டெக்கீலா சாராயத்துக்கு டூப்ளிகேட்டா?

கண்ணன் (குவாதலஹாரா, மெக்சிகோ): ஐயோ மாமா, இங்கே யார் காதிலாவது விழுந்தால் அடிக்க வருவார்கள். டெக்கீலாவே ஒருவகை மெஸ்கால்தான். அகேவ் செடியின் அடித்தண்டைச் சுட்டு, புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்கும் எல்லாவற்றுக்கும் மெஸ்கால் என்பதுதான் பழைய பொதுப்பெயர். டெக்கீலா என்பது ஒரு ஊர், நான் இருக்கும் இடத்திலிருந்து பக்கம்தான். அந்த ஊர்ச் சரக்கை ‘வினோ மெஸ்கால் தெ டெக்கீலா’ என்றார்கள். போகப் போக ஊர்ப்பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சுந்தரி அத்தை: குடும்பக் குழுவில் பேசுகிற பேச்சா இது? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிரியா: இங்கே இருப்பதிலேயே சின்னப் பிள்ளை நான்தான் அத்தை. எனக்கு 27 ஆகிறது 😂

பெரியப்பா: ஸ்பானியச் சொல்லா அது?

கண்ணன்: ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்டது பெரியப்பா. மூலம் ‘நாவாட்டில்’ என்ற மொழி, ஸ்பானியர்களுக்கு முன்பே இங்கே இருந்த ஆஸ்டெக் மக்களுடையது. மெட்ல் என்றால் அகேவ், இஷ்கல்லி என்றால் சுட்டது. சேர்த்தால் மெஷ்கல்லி, சுட்ட அகேவ். முதலில் அது சாப்பாட்டுப் பொருள். சுட்ட துண்டை இன்றும் சந்தையில் விற்கிறார்கள். தித்திப்பாக இருக்கும், மென்று சக்கையைத் துப்பிவிட வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகளான அபாச்சி மக்களில் ஒரு பிரிவுக்கு மெஸ்கலேரோ என்று பெயர் வந்ததும் இதைச் சுட்டுத் தின்றதால்தான், குடித்ததால் அல்ல.

பெரியப்பா: அகேவ் என்றால் நம் ரயில் கற்றாழைதானே? தண்டவாளத்து ஓரம் வேலியாக நிற்குமே. நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். சாறு பட்டால் கை அரித்துத் தொலைக்கும்.

கண்ணன்: அதே இனம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிரியா: கூகுளில் தேடினால் மெஸ்கலின் என்று போதைப்பொருள் வருகிறதே!

சுந்தரி அத்தை: பார்த்தாயா! நான் சொன்னேனே!

கண்ணன்: அத்தை, கொஞ்சம் பொறுங்கள். பெயோட்டே என்று முள் இல்லாத சின்னக் கள்ளி ஒன்று உண்டு. அதன் காய்ந்த வில்லைகளை வெள்ளைக்காரர்கள் ‘மெஸ்கால் பட்டன்’ என்று தப்பாகக் கூப்பிட்டார்கள். 1897இல் ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பாட்டிலில் மெஸ்கலின் துளியும் கிடையாது.

ராஜா மாமா: அதை விடு. புகை வாசனை அடிக்கும் என்கிறார்களே?

கண்ணன்: அது குழியில் சுடுவதால். வஹாக்கா மாநிலத்தில் சந்தியாகோ மாத்தத்லான் போனபோது பார்த்தேன். மண்ணில் பெரிய குழி, அடியில் விறகு, மேலே காய்ந்து சிவந்த கற்கள். இலையைச் சீவிய அகேவ் தண்டுகளை அதன்மேல் அடுக்கி, சக்கை, பாய், மண் எல்லாம் போட்டு மூடிச் சில நாள் விடுகிறார்கள். அப்புறம் குதிரை இழுக்கும் கல்சக்கரத்தில் அரைத்து, மரத்தொட்டியில் புளிக்கவிடுவார்கள். வடித்ததும் அங்கே காய்ச்சும் பெரியவர் ஒருவர் நாணல் குழாயால் உறிஞ்சி, சுரைக்குடுக்கையில் பீய்ச்சினார். மேலே குமிழிகள் எழுந்தன. அவை எத்தனை நேரம் உடையாமல் நிற்கின்றன என்று பார்த்தே காரம் சரியா என்று சொல்லிவிட்டார். டெக்கீலாவுக்குப் பெரும்பாலும் நீராவி அடுப்புதான், அதனால் புகை இருக்காது.

பிரியா: பாட்டிலுக்குள் புழு?

கண்ணன்: அது 1950 வாக்கில் வந்த வியாபாரத் தந்திரம். நல்ல மெஸ்காலில் பெரும்பாலும் இருக்காது.

ராஜா மாமா: எல்லாமே மெஸ்கால் என்றால் டெக்கீலா பாட்டிலில் ஏன் அப்படிப் போடுவதில்லை?

கண்ணன்: சட்டம் மாமா. டெக்கீலா என்ற பெயருக்கு 1974இல் புவிசார் பாதுகாப்பு கொடுத்தார்கள். நீல அகேவ் மட்டும், குறிப்பிட்ட 5 மாநிலங்களில் மட்டும். அதிலும் 100% அகேவ் என்று லேபிளில் இல்லையென்றால் 51% அகேவ் சர்க்கரை இருந்தாலே போதும், மீதி கரும்புச் சர்க்கரையாகக்கூட இருக்கலாம். மெஸ்காலுக்கு 1994இல் கொடுத்தார்கள், அதுவும் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டும். அதில் இப்போது கலப்புக்கு இடமில்லை. எனக்குப் பிடிக்காதது என்னவென்றால், அந்த எல்லைக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக மெஸ்கால் காய்ச்சியவர்கள் இனி அந்தப் பெயரில் விற்க முடியாது. ‘தெஸ்திலாதோ தெ அகேவ்’, அதாவது அகேவ் வடிசாராயம் என்றுதான் போடவேண்டும். பாட்டன் வைத்த பெயரைப் பேரன் சொல்லக் கூடாதாம்!

பெரியப்பா: அநியாயமாக இருக்கிறதே. சரி, அதில் கள் மாதிரி எதுவும் இறக்குவதில்லையா?

கண்ணன்: உண்டு பெரியப்பா. பெரிய அகேவின் நடுக்குருத்தைக் குடைந்து, ஊறும் பதநீரை எடுத்துப் புளிக்கவைப்பார்கள். புல்கே என்று பெயர். வடிக்காததால் அதை யாரும் மெஸ்கால் என்று சொல்வதில்லை. தென்னங்கள்ளே இருக்கிறது தெரியுமா? ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் மணிலாவிலிருந்து கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் இங்கே கொலிமா மாநிலத்துப் பக்கம் தென்னையில் கள் இறக்கி, சாராயமும் வடித்தார்கள். மெக்சிகோவில் வடிக்கும் வித்தை பரவியதே அவர்களால்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கள்ளுக்குத் தூபா என்று பெயர். இன்றும் கொலிமா தெருக்களில் சுரைக்குடுக்கையில் வைத்து விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை தூவித் தருவார்கள்.

பெரியப்பா: தெருவிலேயேவா? இங்கே தமிழ்நாட்டில் 1987லிருந்து கள் இறக்கினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது.

ராஜா மாமா: வேர்க்கடலை வேறு! கண்ணா, விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்?