மரம் அரிந்தவர் கட்டிய பலகை வீட்டுக்கு மரபுரிமைப் பெறுமதி உண்டா?

செங்கலடி வாசகன்:
வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் எங்கள் அம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவில் ஒரு சிறிய பலகை வீடு இருக்கிறது. பதுளை வீதிப் பக்கத்துக் காடுகளில் மரம் தறித்து, கைவாளால் அரிந்து பிழைத்த அம்மம்மாவின் தகப்பனார், 1930களில் தம் மகளுக்காகக் கட்டியது அது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி, அவ்வளவுதான். தூண்களும் நிலைகளும் முதிரை, வளைகள் பாலை. 1978 நவம்பர் சூறாவளி ஓட்டுக் கூரையைக் கொண்டுபோன பிறகு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டார்கள். இப்போது பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் முதிரைக்கு நல்ல விலை பேசியிருக்கிறார். தம்பிக்கும் அவ்விடத்தில் கல்வீடு கட்டும் எண்ணம். கோட்டையோ கோயிலோ அல்லாத, கூரையும் மாறிப்போன இப்படியொரு வீட்டைக் காக்க வேண்டுமென்று குடும்பத்தாரிடம் என்ன நியாயம் சொல்வது?

வாவிக்கரை:
முதலில் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்து எழுதப்பட்டது; பிற்காலக் கட்டடங்களை வர்த்தமானி மூலம் பாதுகாக்க வழியிருந்தாலும், ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு அந்த இடம் கிடைப்பது அரிது. அதற்காகப் பெறுமதி இல்லை என்று ஆகிவிடாது. மரபுரிமைச் சின்னங்களைப் பேணுவோரின் அவுஸ்திரேலிய இக்கோமொஸ் அமைப்பு 1979இல் முதலில் வகுத்த வழிகாட்டியான பர்ரா சாசனம், வரலாறு, அழகு, அறிவியல், சமூகப் பிணைப்பு முதலியவற்றைக் கொண்டே ஓர் இடத்தின் முக்கியத்துவத்தை எடைபோடுகிறது. கட்டடம் பெரிதா சிறிதா என்று கேட்பதில்லை.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுவர்ப் பலகையைக் கிட்ட நின்று பாருங்கள். கையால் அரிந்த பலகையில் வாளின் தடங்கள் நேர்க்கோடுகளாக, ஒழுங்கற்ற இடைவெளியோடு இருக்கும். ஆலையின் வட்டவாள் அரிந்ததில் அவை வில்லாக வளைந்திருக்கும். தூண்களில் வாய்ச்சி செதுக்கிய பள்ளங்களும் தட்டுப்படலாம். மரம் அரிந்தவர்கள் தம் தொழிலைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. இந்தத் தடங்களே அவர்களுடைய கையெழுத்து. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டை ஆண்டவர்களைப் பற்றிச் சொல்லும். ஓர் உழைப்பாளி தன் மகளை எப்படிக் குடியிருத்தினார் என்பதை அதனால் சொல்ல முடியாது. வீடும் வளவும் பெண்வழியே இறங்கும் நம் வழக்கத்துக்கு உங்கள் வீடு நேரடிச் சாட்சி. ஆகவே சீதன உறுதியையும் அந்த வீட்டின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பத்திரப்படுத்துங்கள். கூரை மாறியது குறையே அல்ல. சூறாவளியும் இந்த மாவட்டத்தின் வரலாறுதான்.

பிறிஸ்பேனில் ஒரு மட்டக்களப்பார்:
நான் வாழும் குயின்ஸ்லாந்தில் இதே கேள்விக்கு ஒரு நகரமே விடை தேடியிருக்கிறது. 1909இல் வந்த தொழிலாளர் வதிவிடச் சட்டத்தின் கீழ் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு வீடு கட்ட அரசு கடன் கொடுத்தது. இங்குள்ள பழைய மரவீடுகள் பல ஒற்றைப் பலகைச் சுவரோடு, கட்டைக் கால்களின் மேல் நிற்கின்றன. கறையான் மறைவாக ஏறிவிடாதபடி ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தகரத் தொப்பி இருக்கும். தனியாகப் பார்த்தால் எதுவும் மாளிகை இல்லை. ஆயினும் குறித்த வலயங்களில் 1946ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ கட்டப்பட்ட வீடுகளை மாநகர சபையின் அனுமதியின்றி இடிக்க முடியாது.

ஓடாவி வீட்டுப் பிள்ளை:
வியாபாரி வாங்கும் முதிரை இழைப்புளிக்குப் போகும். வாவிக்கரை ஐயா சொன்ன வாள் தடமும் வாய்ச்சித் தடமும் சீவலோடு போய்விடும். நிலையும் தூணும் எந்த மூட்டில் எப்படிப் பொருந்தியிருந்தன என்பதும் கழற்றி ஏற்றிய அன்றே தெரியாமற் போகும். எனவே வீட்டாரின் முடிவு எதுவானாலும், முதலில் அளவெடுத்து வரைபடம் கீறுங்கள். ஒவ்வொரு மூட்டையும் படம் எடுங்கள். அம்மாவுக்கு நினைவிருப்பதைப் பதிவுசெய்யுங்கள்.

வீட்டைக் காப்பதானால் தூண்களின் அடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஈரமும் கறையானும் அங்கேதான் தொடங்கும். உக்கிய பகுதியை மட்டும் வெட்டி, அதே சாதி மரத்தால் ஒட்டுப்போட்டு, புதுத்துண்டின் கண்படாத பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவிட்டால் பின்னால் வருபவர்களுக்குக் குழப்பம் இராது. முழுத்தூணையும் மாற்ற அவசரப்பட வேண்டாம். அஸ்பெஸ்டஸை உடைக்கவோ துளைக்கவோ கூடாது. கழற்றத்தான் வேண்டுமென்றால் தகடுகளை நனைத்து முழுதாக இறக்குங்கள், அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு. தம்பியின் கல்வீட்டுக்கு வளவின் பின்பக்கம் இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் இரண்டு வீடும் நிற்கலாம், முன்வீட்டு விறாந்தையும் புழக்கத்தில் இருக்கும்.