கட்டட வேலைத்தளத்தில் வளைந்த திரை போன்: எந்த கவர், எந்த கிளாஸ்?

பூச்சுக்கரண்டி:

6.7 அங்குலத் திரை, இரண்டு ஓரமும் வளைந்தது. முதுகும் கண்ணாடிதான். எடை 195 கிராம். போன் புதுசு. பகல் முழுக்க கட்டட வேலைத்தளத்தில் இருக்கும். சட்டை மேல்பையில் வைப்பதால் குனியும்போது நழுவுகிற வாய்ப்பு அதிகம். கீழே எம்-சாண்ட், ஜல்லி, இல்லையென்றால் வெறும் கான்கிரீட். போகவர மேப் பார்க்க பைக் ஹேண்டிலில் ஹோல்டர்.

கடையில் 9எச் என்கிறார்கள், 11டி என்கிறார்கள், மிலிட்டரி கிரேடு கவர் என்கிறார்கள். இதில் எதற்கு அர்த்தம் உண்டு? வளைந்த திரைக்கு யுவி கிளாஸ் (திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கால் இறுக்கி ஒட்டுவது) ஒட்டலாமா? தூசியிலிருந்து சார்ஜிங் போர்ட்டைக் காப்பது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சர்வீஸ்மேசை:

முதலில் 9எச். இது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது, அவ்வளவுதான். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. மணலில் இருப்பதோ குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. போன் திரைகளில் பொதுவாக 6-இலேயே மெல்லிய கீறல் தொடங்கிவிடும், 7-இல் ஆழமாக விழும். ஆக, எம்-சாண்ட் ஒட்டிய விரலால் திரையைத் தேய்த்தாலே கோடு விழும். 11டி, 21டி எல்லாம் விளம்பர எண்கள். அட்டையில் பார்க்க வேண்டியது ‘ஃபுல் க்ளூ’ என்ற சொல்லை. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸில் நடுவே காற்று நிற்கும். டச் மந்தமாகும், கைரேகை சென்சார் சரியாகப் படிக்காது.

கீறல் அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திரைக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைத்து, மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் இருந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகளை ஏற்றுகிறார்கள். அதனால் மேல்பரப்பு இறுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. விரிசல் பிளந்துகொண்டு போகாமல் தடுப்பது அந்த இறுக்கம்தான். கூரான மணல் துகள் போட்ட கோடு அந்த இறுக்கமான அடுக்கைத் தாண்டி இறங்கிவிட்டால், அடுத்த தடவை சின்னதாக விழுந்தாலும் அந்தக் கோட்டிலிருந்தே உடையும். ஆறு மாதம் தாங்கிய போன் ஒருநாள் கட்டிலிலிருந்து விழுந்து உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிலிட்டரி கிரேடு என்பது மில்-எஸ்டிடி-810, அமெரிக்க ராணுவத்தின் சோதனை விதிமுறை. அதில் 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை போடுவார்கள்: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. ஆனால் விழும் தளம் கான்கிரீட் மேல் வைத்த 5 செ.மீ. பிளைவுட் பலகை. 26 விழலையும் ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. சோதித்துச் சான்று கொடுக்கும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. ஜல்லி மேல் விழுவதற்கு அதில் பதில் கிடையாது.

கவர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, மூலை. 1.2 மீட்டரிலிருந்து விழும் போன் வினாடிக்கு சுமார் 4.8 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அது 0.3 மி.மீ. தூரத்தில் நின்றால் விழும் அடி, 3 மி.மீ. நசுங்கி நின்றால் சராசரியில் பத்தில் ஒன்றாகிவிடும். அதனால் நான்கு மூலையிலும் காற்றறை உள்ள, அழுத்தினால் உள்வாங்குகிற டிபியு (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) வேண்டும். முதுகுப் பலகை மட்டும் பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக் கவர் அடியை அப்படியே போனுக்குக் கடத்தும்.

இரண்டு, முன்பக்க உதடு, அதாவது திரையைச் சுற்றி எழும்பி நிற்கும் கவரின் விளிம்பு. கிளாஸ் ஒட்டிய பிறகும் உதடு திரையை விட உயர்ந்து நிற்க வேண்டும். சாதாரண கிளாஸே 0.33 மி.மீ. இருக்கும். வீட்டில் அளக்க வழி: கவரின் இரண்டு உதடுகள் மேலும் குறுக்காக ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள். ஏ4 தாளை மூன்று தடவை மடித்தால் 8 அடுக்கு, ஏறத்தாழ 0.8 மி.மீ. அது ஸ்கேலுக்கும் திரைக்கும் நடுவில் தடையில்லாமல் நுழைந்தால் நல்ல கவர். வளைந்த திரைக்கு வரும் பல கவர்களில் பக்க உதடு வெறும் நூல் மாதிரி இருக்கும். மேலேயும் கீழேயும் மட்டும் உயரம் வைத்திருப்பார்கள். மூலைகளும் அதே அளவு எழும்பியிருந்தால் பரவாயில்லை.

இந்த உதடு டைல்ஸிலும் சமதளக் கான்கிரீட்டிலும்தான் வேலை செய்யும். ஜல்லியின் கூர்முனை உதட்டைத் தாண்டி நேரே திரையைக் குத்தும். அங்கே தாங்குவது மேலே ஒட்டிய கிளாஸ் மட்டுமே. ஹைட்ரோஜெல் ஃபிலிம் (வளைவிலும் படியும் மெல்லிய, மென்மையான பிளாஸ்டிக் தாள்) கீறலுக்கு நல்லது, குத்துக்கு உதவாது.

தொடுதிரை_நாதன்:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. யுவி கிளாஸ் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வளைந்த திரையில் சாதாரண கிளாஸ் ஓரம் படியாது, அதனால்தான் திரவப் பசை. ஜல்லி மேல் விழக்கூடிய போன் என்றால் யுவிதான் சரியான தேர்வு. ஆனால் பசை போகக்கூடாத இடத்துக்குப் போனால் போன் கெடும். காது ஸ்பீக்கர் வலை, பக்க பட்டன், சிம் ட்ரே, மைக் துளை, இந்த நான்கும்தான் வழக்கமாக மாட்டும் இடங்கள்.

ஒட்டும் முறை: மின்விசிறியை நிறுத்துங்கள். போனை அணைத்து, ஸ்பீக்கர் வலை மேலும் பட்டன்கள் மேலும் சிம் ட்ரே மேலும் மைக் துளை மேலும் டேப் ஒட்டி மூடுங்கள். ஆல்கஹால் துணியால் துடைத்து, உலர்ந்த துணி, பிறகு தூசி எடுக்கும் ஸ்டிக்கர். போன் துளி சாய்வு இல்லாமல் கிட்டில் வரும் தாங்கியில் கிடக்க வேண்டும். சாய்ந்தால் பசை ஒரே பக்கம் ஓடும். பாட்டில் பசையைத் திரையின் நடுவில் ஊற்றி, கிளாஸை ஒரு முனையிலிருந்து மெதுவாக இறக்குங்கள். கையால் அழுத்தவே கூடாது. தன் எடையில் பசை பரவட்டும். அவசரப்பட்டு அழுத்துவதுதான் பசை வழிவதற்கு முதல் காரணம். ஓரம் முழுக்கப் பசை எட்டிய பிறகே விளக்கு. முதலில் சில வினாடி காட்டி இறுக்கி, வழிந்ததைத் துடைத்து, பிறகு கிட்டில் சொன்ன முழு நேரம் காட்ட வேண்டும். முடிந்ததும் பழைய கைரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். அமைப்புகளில் டச் உணர்திறனைக் கூட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

சர்வீஸ்மேசை:

நாதன் சொன்ன முறை சரிதான். ஆனாலும் வாரண்டி உள்ள புதுப் போனுக்கு நான் யுவியைப் பரிந்துரைக்க மாட்டேன். பசை திரைக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கி இறுகிவிட்டால், பிறகு கிளாஸைக் கழற்றும்போது திரையும் சேர்ந்து இழுபடும். ஸ்பீக்கர் அடைத்தால் வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். வாரண்டி முடியும் வரை ஹைட்ரோஜெல்லும், தளத்தில் இருக்கும்போது முன்பக்கம் மூடுகிற ஃப்ளிப் கவரும் போதும். சட்டைப்பைக்குப் பதிலாக இடுப்பு பெல்ட் பவுச்சில் வைத்தால் குனியும்போது விழுவதே நின்றுவிடும். இவ்வளவு பேசுவதில் அதிகம் பலன் தருவது அந்தப் பவுச்சுதான்.

வளையவட்டம்:

தூசியும் பைக்கும் பற்றி யாரும் எழுதவில்லை.

வேலை முடிந்ததும் போனை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மணலை வைத்தே பாலிஷ் போடுவது போல ஆகும். குப்புறப் பிடித்துத் தட்டி, மெல்லிய பிரஷால் தள்ளி, அதன் பிறகு ஈரத்துணி. அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, பற்பசை இரண்டும் வேண்டாம். விரல்ரேகை படியாமல் தடுக்கும் மேல்பூச்சு போய்விடும். வாரம் ஒருமுறை கவரைக் கழற்றி சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கவருக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கும் மணல், கண்ணாடி முதுகையும் கேமரா சட்டத்தையும் அரைத்துவிடும். கழற்றும்போது முதுகு எங்காவது உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி வீங்கினால் கவர் அதை மறைத்துவிடும்.

டைப்-சி கேபிள் முழுசாக உள்ளே போகாமல் ஆடினால், அடியில் சட்டைப்பைப் பஞ்சும் சிமெண்ட் தூசியும் கெட்டியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, நுனி சீவிய மரப் பல்குச்சியால் சுவர் ஓரமாகக் கிளறி எடுங்கள். நடுவில் நிற்கும் நாக்கில் படக்கூடாது. மின் இணைப்புத் தகடுகள் அதில்தான் இருக்கின்றன. ஊசி, குண்டூசி கூடவே கூடாது. தளத்தில் இருக்கும் ஏர் ப்ளோயரையும் காட்டாதீர்கள், மைக் சவ்வு கிழியும். ரப்பர் மூடி ஒன்று மாட்டினால் இந்த வேலையே பாதி குறையும்.

ஹேண்டில் ஹோல்டர் ஆபத்து. கேமராவில் ஓஐஎஸ் (கை நடுக்கத்தில் படம் கலங்காமல் லென்ஸை நகர்த்திச் சரிசெய்யும் அமைப்பு) இருந்தால் லென்ஸ் காந்த விசையில் மிதந்தபடி நிற்கும். எஞ்சின் அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டிகளுக்கும் அதிர்வு தாங்கும் ஹோல்டர் வேண்டும் என்றது. ரப்பர் டேம்பர் உள்ள ஹோல்டர் வாங்குங்கள். கேமராவைத் திறந்ததும் படம் தானாகத் துடித்தாலோ, உள்ளே ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தாலோ ஓஐஎஸ் அடிபட்டிருக்கிறது. வழி தெரிந்த பாதை என்றால் போன் பையிலேயே இருந்து இயர்போனில் குரல் மட்டும் கேட்டால் போதும். உச்சி வெயிலில் ஹேண்டிலில் சார்ஜ் போட்டபடி ஓட்டினால் பேட்டரி ஆயுள் குறையும்.

பூச்சுக்கரண்டி:

மூவருக்கும் நன்றி. வாரண்டி இருப்பதால் ஹைட்ரோஜெல்லே போட்டாயிற்று, பெல்ட் பவுச்சும் வாங்கியாயிற்று. கவர் மாட்டியதும் வளைந்த ஓரத்தில் ஃபிலிம் மேலே எழும்புகிறது. பசை பத்தவில்லையா?

சர்வீஸ்மேசை:

பசை இல்லை, உதடு தள்ளுகிறது. கவரைக் கழற்றிவிட்டு ஃபிலிமை ஓரத்தில் அழுத்தி, ஒரு நாள் முழுக்க கவர் இல்லாமல் வையுங்கள், ஒட்டும்போது அடியில் தங்கிய ஈரம் முழுசாகக் காயட்டும். அந்த ஒரு நாள் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அதன் பிறகும் எழும்பினால் ஃபிலிம் அகலம் அதிகம். கடையில் மெஷினில் வெட்டும்போது ‘கேஸ் ஃப்ரெண்ட்லி’ அளவு என்று கேளுங்கள், ஒவ்வொரு ஓரத்திலும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டித் தருவார்கள். எழும்பிய ஃபிலிமை அப்படியே விட்டால் தூசி அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவினாலும் போகாது. கவர் கையில் இருக்கும்போதே அந்த ஏ4 தாள் சோதனையையும் செய்து பாருங்கள்.