வாங்கி வடிவம் மாறுவதற்கு ‘கோலமாற்றம்’ சரிவருமா?

வணக்கம்.

கல்முனைத் தம்பி போன கிழமை கேட்டதற்கு இப்போதுதான் ஆறுதலாக எழுத நேரம் கிடைத்தது. கலமென்சவ்வில் இருக்கும் வாங்கியில் (receptor, ஓமோனின் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதம்) ஓமோன் பிணைந்ததும் அந்த வாங்கிக்கு நடப்பதை ‘உருமாற்றம்’ என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றே சொல்வேன். வாற்பேத்தை தவளையாவதும் உருமாற்றம், பத்திரிகைகளில் ‘உருமாறிய கொரோனா’ என்று வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் வாங்கியில் ஒரு அமினோ அமிலம்கூட மாறுவதில்லை, ஓமோன் கழன்றால் பழையபடி திரும்பவும் முடியும்.

என் விருப்பம் ‘கோலமாற்றம்’. பெருமாளை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, ஆள் ஒருவர்தான், இருக்கும் விதம்தான் வேறு. இன்சுலின் வாங்கிக்கு இது அப்படியே பொருந்துகிறது: இன்சுலின் இல்லாதபோது இரண்டு கால்களையும் அகட்டிக்கொண்டு நிற்கும், இன்சுலின் பிணைந்ததும் கால்கள் கிட்ட வந்து, கலத்துக்கு உள்ளே இருக்கும் நுனிகள் ஒன்றிலொன்று பொசுபேற்றுக் கூட்டத்தை ஏற்றிவிடும். அட்ரினலின் வாங்கியின் கதை வேறு மாதிரி. அந்தப் புரதத்தின் ஏழு சுருளிகள் மென்சவ்வை ஊடறுத்து நிற்கின்றன, ஓமோன் அமரும் வெளிப்பக்கக் குழியில் அசைவு மிகக் கொஞ்சம், ஆனால் 6ஆம் சுருளியின் உட்பக்க நுனி ஏறத்தாழ 14 ஆங்ஸ்ட்ரோம் (ஒரு ஆங்ஸ்ட்ரோம் என்பது மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வெளியே விலகி, செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஜீ புரதத்துக்கு இடம் விடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்காவின் குழு 2011இல் வெளியிட்ட பளிங்கமைப்பில் இதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த ஆண்டே அவருக்கும், இந்த வாங்கிகளை ஆராய்ந்த றொபேட் லெஃப்கோவிற்சுக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு.

— மட்டக்களப்பிலிருந்து

சேர், சொல் நல்லாயிருக்கிறது. ஆனால் கோலம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடத்தின் எண் கோலம்தான் ஞாபகம் வரும். இன்னொன்று, ஓமோன் வந்தால்தான் மாறும் என்ற எண்ணத்தை இந்தச் சொல் கொடுத்துவிடாதா? ஓமோன் இல்லாமலே வாங்கி இடைக்கிடை செயற்படும் வடிவத்துக்குப் போய்வருகிறதே.

— கல்முனையிலிருந்து

தம்பி, முதலாவதற்கு ‘புரதக்கோலம்’ என்று சேர்த்தே எழுதுவோம், எண் கோலத்தோடு குழம்பாது. இரண்டாவது நீர் சொன்னது முக்கியமான விசயம், எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததும் அதுதான். ‘தூண்டிய வடிவமாற்றம்’ என்றால் வெளியிலிருந்து ஒருவர் வந்து மாற்றவேண்டும், கோலம் என்றால் வாங்கி தானாகவே எடுப்பது. ஓய்வுக்கோலம், செயற்கோலம் என்று இரண்டு பெயர் வைத்துக்கொண்டால் மிச்சம் சுலபம்: அட்ரினலின் தன் வாங்கியைச் செயற்கோலத்தில் கூடநேரம் நிற்கவைக்கிறது, நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுக்கிற புரொப்பிரனலோல் அதை ஓய்வுக்கோலத்தில் இருத்திவைக்கிறது. இந்த வசனத்தை ‘உருமாற்றம்’ போட்டு ஒருக்கா எழுதிப் பாரும்.